கழிமுகத்து முட்டைகளைக் காத்தவர்களுக்கு

எண்ணூர்க் கழிமுகத்து மீனவ ஊர்ப் பெரியவர்களுக்கும், உப்பளத் தொழிலாளர்களுக்கும், காவல் நின்ற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கோடையில் மணல்திட்டிலும் உப்பள வரப்பிலும் சின்ன ஆலா, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டிப் பறவைகள் எல்லாம் குஞ்சு பொரித்தன. உங்கள் புண்ணியம்.

முதல் நன்றி, படகுக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்ட மீனவர்களுக்கு. இவற்றின் கூடு மண்ணில் ஒரு சிறு பள்ளம்தான். ஆலா இரண்டு மூன்று முட்டையிடும், உள்ளான் நாலு. அடைகாக்க மூன்று நான்கு வாரம். உச்சி வெயிலில் ஆளைக் கண்டு தாய் எழுந்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே கரு செத்துவிடும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காருவது அந்தச் சூட்டைத் தணிக்கத்தான். நம் காலடியை மோப்பம் பிடித்து நாய் வரும். பறவை எழும் இடத்தைக் காக்கை குறித்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு கூட்டை எட்டிப் பார்ப்பதும் கெடுதல்தான்.

கூட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டிய தம்பிகளே, உயரக் கம்பு நட்டால் காக்கை வந்து உட்காரும் என்று முழங்கால் உயரக் குச்சி போட்டீர்களே, அது பெரிய விஷயம். நைலானை விட்டுத் தேங்காய்நார்க் கயிறு எடுத்ததும் சரி.

உப்பளத்தில் ஒரே மூச்சில் நீர் பாய்ச்சினால் தாழ்ந்த வரப்புக் கூடுகள் மூழ்கும். ஒரேயடியாக வடித்தால் குஞ்சுக்கு இரை இல்லை. உப்புக்கொத்தி, உள்ளான், ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் தானே நடந்து போய்ப் பூச்சி கொத்தும். கூடு இருந்த பாத்திகளைக் கடைசிக்கு வைத்து, நாலு விரல் ஆழம் நீர் விட்டுவைத்தீர்கள். அந்த வேலைச் சிரமம் எங்களுக்குத் தெரியும்.

சேற்றில் கையால் இறால் தடவும் அக்காக்கள் அறுந்த வலையையும் தூண்டில் நரம்பையும் பொறுக்கிக் கரை சேர்த்தீர்கள். காலில் நரம்பு சுற்றினால் இரத்தம் ஓடாமல் கால் அழுகும். மீன் கழிவை மூடிய தொட்டியில் போட்ட கடைக்காரர்களாலும் நாயும் காக்கையும் குறைந்தன.

இனி வலசைப் பறவைகள் வரும் காலம். கொசு உள்ளான் போன்ற சின்ன உள்ளான்கள் கடல்நீர் வற்றும் நேரத்தில் திறந்த சேற்றுவெளியில்தான் மேயும். அங்கே அலையாத்திக் கன்று நட வேண்டாம், கரையோரம் போதும். 2023 டிசம்பரில் இங்கே எண்ணெய் கசிந்தபோது கண்டதுபோல எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாவைக் கண்டால் குளிப்பாட்டாதீர்கள். நனைந்து குளிர்ந்தே செத்துவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கயிறும் குச்சியும் பத்திரமாக இருக்கட்டும். பிப்ரவரிக் கடைசியில் மறுபடி வேண்டும்.