ஏவிய பிறகும் செய்தி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட் புறப்பட்டது. உங்கள் நாளிதழில் வந்த படத்தை வெட்டி எங்கள் துறைப் பலகையில் ஒட்டினேன். 2024 ஜனவரி 1 அன்று, விண்ணின் எக்ஸ் கதிர்களை ஆராயும் எக்ஸ்போசாட் போனபோதும் செய்தி வந்தது. அவை மேலே போய் என்ன கண்டன என்பதுதான் கண்ணில் படவில்லை.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது. இமயமலை உச்சியில் தொலைநோக்கி வைத்தாலும் பயனில்லை. மேலே போயாக வேண்டும். அங்கும் சாதாரண ஆடி உதவாது, நேராக விழும் கதிர் அதற்குள் புகுந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் துள்ளிப் போகிறதல்லவா, அப்படி மிகச் சாய்வாக விழுந்தால்தான் எதிரொளிக்கும். ஆஸ்ட்ரோசாட்டில் தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பது இதற்காகத்தான். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கைவேலை அது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1054இல் சீனர்கள் பகலிலேயே கண்ட விண்மீன் வெடிப்பின் எச்சம் நண்டு நெபுலா. அதன் நடுவில் நொடிக்குச் சுமார் 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த விண்மீனின் மிக அடர்ந்த கரு, இருக்கிறது. அது சுழலச் சுழல அதன் கதிர் துடிப்புத் துடிப்பாக நம்மிடம் வருகிறது. அந்தத் துடிப்புகளுக்கு இடையே அது அடங்கியிருப்பதாகத் தோன்றும் நேரத்திலும் அதன் எக்ஸ் கதிர்களின் முனைவாக்கம் (கதிரின் அலைகள் அதிரும் திசையில் உள்ள ஒழுங்கு) மாறுகிறது என்று 2017இல் ஆஸ்ட்ரோசாட் குழு அளந்து சொன்னது. வழக்கிலிருந்த கோட்பாடுகளுக்கு இது பெரிய சவால். இது தலைப்புச் செய்தி இல்லையா?

இன்னொன்றும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஆய்வாளர்களுக்கு மட்டும் ஒதுக்கிய காலம் முடிந்ததும் ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்துவிடுகிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், மென்பொருளும் இலவசம். நூற்பாலைத் தொழிலாளியின் மகளான என் மாணவி, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை இரட்டையின் (ஒன்றையொன்று சுற்றிவரும் கருந்துளையும் விண்மீனும்) ஒளி ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து முதுகலைத் திட்ட அறிக்கை எழுதினாள். "இளங்கலையிலேயே இதை ஏன் யாரும் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டாள். ஆராய்ச்சி என்றால் பெங்களூருவுக்கோ புனேவுக்கோ போனால்தான் என்று நம்பி, எத்தனை பிள்ளைகள் ஆசையை அடக்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்!

மாதம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்குங்கள். செயற்கைக்கோள்கள் அந்த மாதம் எதைப் பார்த்தன, எதைக் கண்டன என்று வெளியிடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். சன்மானம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை,
ராஜபாளையம்