கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்தி வை

அன்புள்ள ராசு,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சந்தோஷம். மொட்டை மறுபடியும் சைக்கிள் வாங்கியிருக்கிறானாம். இந்தத் தடவையாவது பூட்டச் சொல்.

தம்பி பேக்கரி பிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனியின் பேரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப்போகிறான், அட்வான்ஸ் கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டேன். என் கடையும் அப்படி எடுத்ததுதானே. அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறேன். அக்ரிமென்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல், ஒரு வாரம் போதும்.

மார்ச்சில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி பேரைப் போட்டுக்கொள்வதற்காகக் கட்டும் ராயல்டி இரண்டு மாதம் பாக்கி விழுந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். கல்லாவில் சரசு இருந்தாள். "இன்றிலிருந்து கடையை நாங்கள் நடத்துகிறோம், அக்ரிமென்ட் 17-ஆம் பிரிவில் இருக்கிறது" என்று ஒரு தாளை நீட்டினார்கள். பில் போடும் மெஷினில் பாஸ்வேர்டை மாற்றினார்கள். க்யூஆர் அட்டையைப் பிய்த்துவிட்டுத் தங்கள் அட்டையை ஒட்டினார்கள். எட்டு வருஷம் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை எழுந்திருக்கச் சொன்னார்கள், ராசு. என் நெஞ்சு தாங்காது என்று பயந்து இரண்டு நாள் என்னிடம் வாயே திறக்கவில்லை அவள்.

97 நாள் நடத்தினார்கள். வசூல் அவர்கள் கணக்குக்குப் போனது. அவர்கள் மேனேஜர் சம்பளம், நிர்வாகக் கட்டணம், பழைய பாக்கி, அவர்களிடமே வாங்கிய மாவுக்கும் க்ரீமுக்கும் விலை எல்லாம் கழித்துக்கொண்டார்கள். ஆனால் கடை வாடகை, கரண்ட் பில், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எல்லாம் என் பேரில். அவர்கள் ஆள் கெட்டுப்போன பப்ஸை விற்றால்கூட அதிகாரி என் வீட்டுக்குத்தான் வருவார். 'உரிமையாளரின் ஏஜென்டாக', அதாவது எனக்காக வேலை பார்ப்பவர்களாக, நடத்துகிறார்களாம், அதனால் நஷ்டம் என்னுடையது. கடையைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு பில்லும் கொடுத்தார்கள்.

வக்கீலிடம் போனேன். பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒருவரை அவர் சம்மதமில்லாமல், சட்டப்படி அல்லாமல் இடத்தைவிட்டு வெளியேற்றினால், 1963-ஆம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாமாம். "ஆனால் சம்மதத்தை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று வாதாடுவார்கள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

விக்ரம் பக்ஷி கதையையும் அவர்தான் சொன்னார். வடக்கிலும் கிழக்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கம்பெனியில் அவருக்குச் சரிபாதிப் பங்கு. 2013-இல் நிர்வாக இயக்குநர் பதவி போனது. 2017 ஜூலையில் கம்பெனித் தீர்ப்பாயம் திரும்ப உட்கார வைத்தது. அடுத்த மாதமே மெக்டொனால்ட்ஸ் 169 கடைகளுக்கு பிரான்சைஸை ரத்து செய்தது. 2019-இல் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அது வேறு மாதிரி வழக்குதான். ஆனால் பாதி வைத்திருந்தவரே ஆறு வருஷம் அலைந்தார், தம்பி எந்த மூலைக்கு?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு கடையில் கேக் சாப்பிட்டு நாலு பேர் படுத்தால், அதே போர்டு மாட்டிய எல்லாக் கடையும் காலி. அப்போது உள்ளே வந்து பார்க்க உரிமை வேண்டும்தான். எனக்கு ஆத்திரம், அந்த உரிமைக்கு எல்லை வைக்காததில். எந்தத் தப்புக்கு வரலாம், எத்தனை நாள் நோட்டீஸ், அதிகபட்சம் எத்தனை நாள் இருக்கலாம், வாரா வாரம் கணக்குக் காட்டுவார்களா, அவர்கள் கவனக்குறைவால் வரும் நஷ்டம் யார் தலையில் என்று எதுவுமே என் அக்ரிமென்டில் இல்லை. நமக்குப் பதிலாக அவர்களே செயல்பட அதிகாரம் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னியைத் தனித்தாளாகக் கடைசியில் கோத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதே. உடம்பு முடியாமல் போனால் வீட்டு ஆளே நடத்தலாம் என்று ஒரு வரி கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது இருந்திருந்தால் சரசு எழுந்திருக்க வேண்டி வந்திருக்காது.

அக்ரிமென்ட் நகலை நாளைக்கே கூரியரில் அனுப்பு. வக்கீலிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. சரசு ஆப்பம் சுடுகிறேன் என்கிறாள்.

உன்,
செல்வம்