கயலுக்கு: கிழங்குக் கொடியிலிருந்து தொடங்கு

அன்புள்ள கயல்,

ஏலப் பட்டியலுக்கு நீ எழுதிய குறிப்பை வாசித்தேன். ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரேயைப் பற்றித் தொடங்கி, மூன்றாவது வரியிலேயே நியூயார்க் ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கிடம் போய்விட்டாய். அந்தப் பத்தியை அங்கிருந்து எடுத்துவிடம்மா. ஒப்பிடுவது குற்றமில்லை. ஆனால் நியூயார்க் முன்னால் வந்தால், வாசிப்பவர் கண்ணுக்கு அல்ஹால்கெரே தெரியாமலே போய்விடும்.

மத்திய ஆஸ்திரேலியாவில் அல்ஹால்கெரேதான் எமிலியின் சொந்த மண். அங்கே முளைக்கும் 'பென்சில் யாம்' விக்னா பேரினத்துக் கொடி. நம் உளுந்தும் பாசிப்பயறும் அதே பேரினம்தான். கொடி தரையில் படரும், தின்னும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதன் விதைக்குக் காமே என்று பெயர். எமிலியின் பெயரில் இருப்பதும் அதுதான். இதைத் தெரிந்துகொண்டு, 1995இல் அவர் வரைந்த 'பிக் யாம் ட்ரீமிங்'கைத் திரும்பப் பார். மெல்போர்னிலேயே, விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 3 மீட்டருக்கு 8 மீட்டர், கறுப்புத் தளம், வெள்ளைக் கோடு மட்டும். துணியைத் தரையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்தார். கொடியையும் வேரையும் மேலிருந்து பார்க்கிற பார்வை அது.

அடுத்தது உடம்பு. அவெல்யே என்பது பெண்கள் நடத்தும் சடங்கு. அதில் மார்பிலும் தோளிலும் காவி மண்ணால் கோடு இழுப்பார்கள். எமிலி அதில் மூத்தவர். 1977 முதல் பாட்டிக் துணியில், அதாவது மெழுகால் வரைந்து சாயமேற்றும் துணியில், வரைந்தார். கேன்வாஸ் கைக்கு வந்தது 1988–89 கோடையில். 1910 வாக்கில் பிறந்தவர், அப்போது எண்பதை நெருங்கியிருந்தார். 'எழுபது வயதுக்குமேல் திடீரென்று பூத்த மேதை' என்று நீ எழுதியிருப்பது அதனால்தான் பிழை. அந்தக் கை எத்தனையோ ஆண்டுகள் உடம்பிலும் பாட்டிக் துணியிலும் பழகிய கை.

இவ்வளவும் சொன்னபிறகு பொல்லாக் வரட்டும். இருவரும் துணியைத் தரையில் விரித்தவர்கள். பொல்லாக்கின் கோடு காற்றில் சொட்டி விழுந்தது. எமிலியுடையது தூரிகை துணியை அழுத்தி இழுத்தது. அப்போது அந்த ஒப்பீடு உனக்கு வேலை செய்யும்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு, அதையும் பார்க்கிறேன்: ஒவ்வொரு புள்ளிக்கும் பொருள் எழுதுவது. என்ன வரைந்தீர்கள் என்று கேட்டால், எல்லாமும்தான் என்பார் எமிலி: கிழங்கு, முட்பல்லி, புல்விதை, ஈமு. சடங்கில் வெளியாருக்குச் சொல்லாதவை உண்டு. சொல்லாததை ஊகித்து நிரப்பாதே.

இனி விலை. எட்டே ஆண்டுகளில் சுமார் 3000 ஓவியங்கள் என்று கணக்கிடுகிறார்கள். பலர் கேன்வாஸ் கொடுத்து வரையச்சொல்லி வாங்கினார்கள்; அதனால் தரம் ஒன்றுபோல் இல்லை. பழங்குடி மூதாட்டி வரைந்தது என்பதற்காகவே மங்கலான படத்தைத் தூக்கிப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது நிறம் சேறாகிறதா, கோடு எங்கே தயங்குகிறது என்று பார். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று மதிப்பிடாதே. 1994இல் வரைந்த 'எர்த்ஸ் கிரியேஷன்' 2007இல் 10,56,000 ஆஸ்திரேலிய டாலருக்கும், 2017இல் 21 லட்சம் டாலருக்கும் போனது. நான்கு துணிகள் சேர்ந்த பெரும் படைப்பு அது. அதை வைத்துச் சின்னப் படத்துக்கு விலை சொல்ல முடியாது.

துணியின் பின்பக்கத்தைக் கட்டாயம் புகைப்படம் எடு. யார் கேட்டு வரைந்தது, எந்த எண், யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற வரிசை அறாமல் இருக்க வேண்டும். ஓவியர் படத்தோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படம் மட்டும் போதாது.

மறுவிற்பனை உரிமைத்தொகையையும் சரிபார்; படம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்குச் சேரும் பங்கு அது. 2010 ஜூன் 9 முதல் நடப்பில் இருக்கிறது. 1000 டாலரும் அதற்கு மேலும் விற்றால் 5 சதவீதம். விற்பவர் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கியிருந்தால், அதன்பின் நடக்கும் முதல் விற்பனைக்குத் தொகை இல்லை, அடுத்ததிலிருந்து உண்டு. ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை வாரிசுகளுக்கு. எமிலி இறந்தது 1996இல். இன்னும் நெடுங்காலம் அது அவர் குடும்பத்துக்குச் சேரவேண்டிய பணம். எனவே நீ பட்டியலிடும் படம் எந்த ஆண்டில் கைமாறியது என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடு.

திருத்தியதை அச்சுக்குப் போகுமுன் அனுப்பு.

அன்புடன்,
அப்பா