குஜோவுக்குப் போனால் வேடிக்கை பார்க்காதே

கண்ணம்மா,

ஆபீஸில் இருக்கிறவர்கள் ஆகஸ்டில் வருகிற ஓபோன் லீவுக்கு, ஜப்பானின் குஜோ ஹச்சிமான் ஊரில் தெருவில் நடக்கிற ஆட்டத் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றும், "நான் ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேம்மா" என்றும் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஊரில் ஓரமாக நிற்பதற்கு இடமே கிடையாது. தொக்குஷிமா ஊரில் ஆகஸ்ட் 12 முதல் 15 வரை அவா ஒதோரி என்கிற ஆட்டத் திருவிழா நடக்குமே, அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்க இருக்கைகள் போட்டிருப்பார்கள். மாதக்கணக்கில் பழகிய குழுக்கள் உன் முன்னால் வரிசையாக ஆடிக்கொண்டு போகும். குஜோ அப்படி இல்லை. தெரு நடுவில் யாகத்தா என்று ஒரு மரக்கூண்டு. பாடுகிறவர்கள், ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம், குழல், மேளம் எல்லாம் அதில் ஏறிக்கொள்வார்கள். மற்ற எல்லோரும் அதைச் சுற்றி ஆடுவார்கள். நம் ஊர்க் கும்மி மாதிரி வட்டம்தான். என்ன, தெரு குறுகலாக இருப்பதால் வட்டம் நீண்டுகொண்டே போய்க் கடை வாசல்களை எல்லாம் உரசும். ஓரத்தில் நின்றால் ஆடுகிறவர்கள் உன் மேல்தான் இடிப்பார்கள்.

யுனெஸ்கோவின் மரபுக் கலைகள் பட்டியலில் இருக்கிற சமாசாரம், அதுவும் அவர்களுடைய முன்னோர்களுக்கான நாள், நான் நடுவில் புகுந்து கெடுக்கலாமா என்று கேட்டாய். நியாயமான கேள்வி. 2022இல் ஜப்பான் முழுவதிலுமிருந்து 41 ஆட்டங்களைச் சேர்த்து அந்தப் பட்டியலில் போட்டார்கள், குஜோ அதில் ஒன்று. ஓபோன் என்பது இறந்துபோனவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் என்பதும் சரிதான். ஆனால் அந்த ஊரில் சொல்லும் கதையைக் கேள். ஜப்பானில் ‘எதோ’ என்று பெயர் சொல்கிற பழைய சாமுராய் காலத்தில் அங்கே ஆண்ட பிரபு, ஓபோனின் நான்கு நாட்களும் சாமுராய், குடியானவன், வியாபாரி என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஒன்றாக ஆடட்டும் என்று விட்டாராம். நானூறு வருஷத்துக்கு மேலாக ஆடுகிறார்கள். நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல் இருப்பதுதான் அங்கே பழக்கம். அந்த ஊரில் எத்தனையோ பேரோடு ஆடினேன், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

கற்றுக்கொண்டுதான் போகவேண்டும் என்பதும் இல்லை. பத்துப் பாட்டு, பத்து ஆட்டம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அசைவுகள்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். கவாசாக்கி என்கிற ஆட்டம் நிதானமானது, அதில் தொடங்கு. ஹருகோமா என்கிற ஆட்டத்தில் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்திருக்கிற மாதிரி கைகளை வைத்துக்கொண்டு துள்ளவேண்டும். மூச்சு வாங்கும், ஆனால் அதுதான் எல்லோருக்கும் பிடிக்கும். பகலில் போய்ச் சேர்ந்தால் ஹக்குரான்கான் என்ற மியூசியத்தில் ஆடிக் காட்டுவார்கள், அதைப் பார்த்துவிடு.

அப்புறம், யார் பின்னால் நிற்கிறாய் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அழகாக உடுத்திய சின்னப் பெண்கள் பின்னால் நிற்காதே, அவர்களும் உன்னை மாதிரி நேற்று வந்தவர்களாக இருப்பார்கள். பழைய யுகாத்தாவும் (பருத்தி அங்கி) தேய்ந்த கெத்தாவும் (மரச் செருப்பு) போட்ட பாட்டி யாராவது இருந்தால் அவர் பின்னால் போய் நில். என் முன்னால் அப்படி ஒருவர் இருந்தார். பின்னால் ஒருத்தி தடுமாறுகிறாள் என்று எப்படித்தான் தெரிந்ததோ, திரும்பிப் பார்க்கவே இல்லை. வலது கையை மட்டும் கொஞ்சம் உயரத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி இறக்கினார். அடுத்த சுற்றிலும் அப்படியே. அந்தக் கையைப் பார்த்தே நான் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

உன் அப்பா அன்று கேமராவோடு ஒரு கடையின் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார். எடுத்த வீடியோவில் பாதி, யாரோ ஒருவருடைய முதுகு.

யுகாத்தா கட்டாயமில்லை, ஜீன்ஸிலும் ஆடுவார்கள். கட்டினால் இடது பக்கம் மேலே வரட்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற விதம். ஓபோன் நாளில் அப்படிப் போய் நின்றால் யாராவது பாட்டி ஓடிவந்து அவிழ்த்துக் கட்டிவிடுவார். கெத்தா மட்டும் வாங்கிக்கொள், மரக்கட்டை தாரில் படுகிற அந்தச் சத்தமும் தாளத்தில் சேர்த்திதான். நூறு பேர் ஒரே நேரத்தில் காலைத் தட்டும்போது அது உன் உள்ளங்காலிலிருந்து ஏறும். ஆனால் புதுசை அப்படியே போட்டுக்கொண்டு போகாதே. வாரை இழுத்து இழுத்துத் தளர்த்தி, வீட்டில் ஒரு வாரம் போட்டு நட. இல்லாவிட்டால் கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிடும். பையில் பிளாஸ்திரி வைத்துக்கொள்.

வட்டத்துக்குள் நின்று செல்ஃபி எடுக்காதே. அதில் மட்டும் எனக்குக் கோபம் வரும். ஒருத்தி நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்கவேண்டும்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் ஆரம்பம் வரை முப்பது இரவுபோல நடந்தாலும், விடிய விடிய ஆடுவது ஆகஸ்ட் 13லிருந்து 16 வரைதான். தூறல் போட்டாலும் நிறுத்தமாட்டார்கள். அந்த நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம், இப்போதே பார். முடிந்தால் மட்சுசாக்கா வரை இரு. கடைசி ஆட்டம் அது. ஷாமிசென் எல்லாம் ஓய்ந்துவிடும். குரலும் கட்டைத் தாளமும் மட்டும்தான்.

நன்றாக ஆடுகிறவர்களைக் கூட்டத்தில் கண்டுபிடித்துச் சான்றிதழ் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பு, வாயை மூடிக்கொள்வார்.

17ஆம் தேதிக்கும் லீவு சொல்லிவிடு. கால் வலியில் எழுந்திருக்கவே மாட்டாய்.

அம்மா