திறக்காத கோட்டைக் கதவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்காலத்திலும் இருந்திராத வீடியோ கேம்களையும், அவற்றை உருவாக்கியதாகச் சொல்லப்படும் கற்பனை மனிதர்களையும் படைக்கும் போக்கைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் அதை வேலையற்றவர்களின் ஏமாற்று வித்தை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். குடியாத்தத்தில் முப்பத்தோராண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் அதை ஏற்க முடியவில்லை. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவது வழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல்தான் மீண்டும் லிங்கம் எழுந்தருளியது. அதுவரையிலும் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இல்லாத ஒன்றைச் சுற்றி எவ்வளவு வேலைப்பாடு நிற்க முடியும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுரையாளர் போகிற போக்கில் குறிப்பிட்ட 'யுஎஃப்ஓ 50' என்பதையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் வெளிவந்த இத்தொகுப்பில் ஐம்பது விளையாட்டுகள் உள்ளன. அவை யாவும் 1980களில் யுஎஃப்ஓ சாஃப்ட் என்ற நிறுவனம் தன் சொந்த கேம் கருவிக்காகச் செய்தவை என்பது கதை. அப்படியொரு நிறுவனமும் இல்லை, கருவியும் இல்லை. உண்மையில் செய்தவர்கள் கேம் வடிவமைப்பாளர் டெரெக் யூவும் அவருடைய நண்பர்களும். அவர்கள் தங்கள் பெயரை ஒளித்துக்கொள்ளவில்லை என்பதால், இதில் ஏமாந்தவர் யார் என்று எனக்கு விளங்கவில்லை. ஐம்பதுக்கும் சேர்த்து முப்பத்திரண்டே வண்ணங்கள் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். முதல் ஆட்டமான 'பார்புட்டா'வில் இசை கிடையாது. நடை ஆமை நடை. தொடங்கிய சில அடிகளிலேயே தலையில் கல் விழுந்து ஆள் சாகிறான். இன்றைய கைத்திறன் உள்ளவர்கள், 1982இல் கை பழகாத ஒருவர் எப்படித் தடுமாறியிருப்பார் என்று யோசித்து, அந்தத் தடுமாற்றத்தையே வரைந்திருக்கிறார்கள். ஆட்டங்களை வரிசையாக ஆடி வந்தால், இல்லாத ஒரு நிறுவனம் வளர்வதையும் அதன் ஆட்கள் தேறுவதையும் பார்க்கலாம். தேர்ந்த கையால் பழகாத கையின் கோடுகளை வரைவது எவ்வளவு கடினம் என்பது, குழந்தை வரைந்ததுபோல் வரைய முயன்று தோற்ற எந்த ஓவியனுக்கும் தெரியும்.

இது நேற்று முளைத்ததும் அன்று. பிரிட்டனைச் சேர்ந்த சுசான் ட்ரைஸ்டர் என்ற ஓவியர் 1991-92இலேயே அமிகா கணினியில் இல்லாத வீடியோ கேம்களின் காட்சிகளை ஒவ்வொன்றாக வரைந்து, திரையைக் கேமராவால் படமெடுத்துச் சுவரில் மாட்டினார். அவற்றில் எதையும் ஆட முடியாது. அந்த ஒற்றைக் காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்ப்பவரே ஆடிக்கொள்ள வேண்டும். நம் மொழியிலும் புதுமைப்பித்தன் 'வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை' என்ற புனைபெயரில் செய்யுள் எழுதியிருக்கிறார். (எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாமென்றால் ளகரம் இடிக்கிறது.)

மறுபுறத்தையும் சொல்லிவிடுகிறேன். 1981இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக் கேம் கடைகளில் 'பாலிபியஸ்' என்றோர் எந்திரம் இருந்ததாகவும், ஆடிய பிள்ளைகளுக்குச் சித்தம் கலங்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. எந்திரமும் இல்லை, ஆதாரமும் இல்லை. ஆயினும் நடந்ததாகவே நம்புவோர் உண்டு. இதைத்தான் கட்டுரையாளர் ஏமாற்று என்றிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன். வேடம் கட்டியவன் திரைக்கு முன் வந்து தன் பேரைச் சொல்லி ஆடும் கூத்தையும், சாமி வந்துவிட்டதென்று சொல்லிக் காசு பறிப்பதையும் வட ஆற்காட்டில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளிகளுக்கிடையிலான ஒரு கண்காட்சிக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே 'அகழி' என்ற விளையாட்டின் பன்னிரண்டு பக்கக் கையேடு மட்டும் இருந்தது. அவள் வீட்டுப் பழைய டிவி கேமின் கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும்; ஓட்டிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். மற்ற பெயர்களுக்கெல்லாம் ஆட்டம் எங்கே போனது என்ற ஏக்கத்தில் பிறந்ததுதான் இது. 1986இல் காட்பாடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் செய்த ஆட்டம் என்று எழுதியிருந்தாள். கோட்டை அகழியில் முதலைகளுக்குத் தப்பி நீந்திக் கரையேற வேண்டும். கடையில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி என்பதால் முதலைக்கும் தண்ணீருக்கும் நிற வேறுபாடு இல்லை. அசைவதை வைத்துக் கண்டுகொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது: 'ஐந்தாம் கட்டத்தில் கோட்டைக் கதவு திறக்காது. தம்பி துபாய் சென்றுவிட்டபடியால் சரிசெய்ய இயலவில்லை. பொறுத்தருள்க.'

அந்த ஒரு சீட்டில் ஒரு கடை, ஒரு குடும்பம், ஒரு மாவட்டம் அடங்கிவிட்டதாக நான் நினைத்தேன். நடுவர்களோ கணினியில் ஓடுகிற ஆட்டம் எங்கே என்று கேட்டு, பெட்டியைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவளுக்காக வாதாடாமல் அன்று நான் சும்மா நின்றது இன்றும் உறுத்துகிறது. தம்பி திரும்பி வந்தானா என்று பிறகொரு நாள் கேட்டேன். "வந்தாரு சார், அப்போ கடை இல்ல" என்றாள், அக்கம்பக்கத்துச் செய்தியைச் சொல்வதுபோல.

கட்டுரையாளர் 'யுஎஃப்ஓ 50'இல் எத்தனை ஆட்டங்களை ஆடிப் பார்த்தார் என்பது கட்டுரையில் எங்கும் இல்லை. முதல் பத்தையேனும் வரிசை மாறாமல் ஆடிவிட்டு அவர் மீண்டும் எழுதினால், அப்போதும் அவர் கருத்து மாறாவிட்டாலும், நான் விரும்பிப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.