அம்மாப்பேட்டை வரை கூட நடந்தவருக்கு

1990இல் ‘13-ம் நம்பர் வீடு’ என்ற பேய்ப் படம் பார்த்தபோது எனக்கு 12 வயது. இரவுக் காட்சி முடிந்த நெரிசலில் மாமாவைத் தவறவிட்டேன். சேலம் பழைய பேருந்து நிலையத்தருகே அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். “வீடு எந்தப் பக்கம் கண்ணு?” அம்மாப்பேட்டை என்றதும், சைக்கிளை உருட்டியபடி கூடவே நடந்தார்.

ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் இளவயதில் விளக்குத் தூக்கியவராம். நடுவழியில் நின்று, டார்ச்சைத் தன் முகவாய்க்குக் கீழே பிடித்தார். கண்குழிகள் இருண்டன, மூக்கின் நிழல் நெற்றியில் ஏறியது. “வெளிச்சம் கீழேயிருந்து வந்தால் எந்த முகமும் பேய்தான் கண்ணு.” கதவு தானாகத் திறக்க ஒரு கறுப்பு நூல் போதும் என்றார். ஒரே பிலிமில் இரண்டு முறை படம் பிடித்தால், நிற்கும் ஆளின் உடம்புக்குள் சுவர் தெரியும் என்றார். என் அழுகை எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

தறிச் சத்தம் கேட்கும் எங்கள் தெருமுனையில் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். பெயரைக் கூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பிறகு எண்பதுகளின் பேய்ப் படங்களை வாடகை கேசட்டில் தேடித் தேடிப் பார்த்தேன். 1985இல் வந்த ‘யார்?’ மட்டும் எத்தனை முறை! பயந்துகொண்டே விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அந்தக் கண்ணைக் கொடுத்தவர் நீங்கள். மிக்க நன்றி ஐயா.