கழற்றிய லாடத்தைப் பார்க்காமல் புது லாடம் அடிக்காதீர்கள்

குதிரையேற்றப் பயிற்சி லாயத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புது லாடம் அடித்த மூன்றாம் நாளே அந்தப் பழுப்புக் குதிரை முன்னங்காலை நொண்டத் தொடங்கியதை அறிவீர்கள். கழற்றிய லாடம் அன்றைக்கே பழைய இரும்போடு போய்விட்டது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கழற்றிய லாடத்தைப் பார்க்காமல் புது லாடம் அடிக்க விடாதீர்கள்.

குதிரை காலை எப்படி ஊன்றுகிறது என்பதைக் கழற்றிய லாடத்தின் தேய்மானம் காட்டும். லாடத்தின் வெளிப்பக்கம் சற்று முந்தித் தேய்வது பல குதிரைகளுக்கு இயல்பு. இடமும் வலமும் வெவ்வேறாகத் தேய்ந்தாலோ, போன முறை இல்லாத தேய்மானம் இம்முறை தெரிந்தாலோதான் காரணம் தேட வேண்டும். பின்னங்கால் லாடத்தில் முனை மட்டும் கரைந்திருந்தால் குதிரை காலை இழுத்து நடக்கிறது. களைப்பாக இருக்கலாம், முதுகிலோ மூட்டிலோ வலியும் இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

அந்தப் பழுப்புக் குதிரைக்கு நடந்தது வேறு. குளம்பில் உயர்ந்து நின்ற பக்கத்தை அரத்தால் ஒரேயடியாக இறக்கிவிட்டார்கள். கண்ணுக்குக் குளம்பு சமமாகத் தெரியும். ஆனால் வளர்ந்த குதிரையின் கால் எலும்புக் கோணல் குளம்பைச் சீவுவதால் நிமிராது. மூட்டின் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கத்துத் தசைநார் இழுபடும். தேய்ந்த பக்கத்தில் தடித்த இரும்பை வைத்தாலும் இதே கதிதான். திருத்துவதென்றால் இரண்டு மூன்று லாடமாற்றங்களில், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் குதிரையைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் நடத்திப் பார்க்க வேண்டும். பிறகு காலைத் தூக்கித் தளர்வாகப் பிடித்து, குளம்பின் பின்பகுதியான குதிப் பக்கமிருந்து அடிப்பாகத்தை நோக்க வேண்டும். வரிசையில் குதிரைகளை நிறுத்தி லாடக்காரரை விரட்டினால் இதற்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்?

"இரும்பு இன்னும் தேயவில்லையே" என்று பத்து வாரம் வரை தள்ளிப்போடுவதையும் நிறுத்துங்கள். இரும்பு தேயாவிட்டாலும் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. முனை நீள நீள லாடமும் அதோடு முன்னே நகர்கிறது. குதிக்குத் தாங்கல் போய்விடுகிறது. பெரும்பாலான குதிரைகளுக்கு 6 வாரம் சரியான கணக்கு. தினமும் ஒரே திசையில் வட்டமடிக்க வைக்கும் பயிற்சி, ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும் சவாரிக்காரர், நடுவில் நில்லாத சேணம் என்று, ஒருபக்கத் தேய்மானத்துக்குக் கேட்டறிய வேண்டிய காரணங்கள் இன்னும் எவ்வளவோ உண்டு. போட்டி நாளன்று பிடரி மயிரைப் பின்னுவதற்கு இருக்கும் அக்கறை குளம்புக்கு ஏன் இல்லை?

பொறுத்துக்கொள்ளுங்கள், கோரிக்கைக்கே வருகிறோம். கழற்றும் நான்கு லாடங்களிலும் எந்தக் கால், என்ன தேதி என்று பெயின்டால் எழுதி, அந்தந்தக் குதிரையின் கொட்டடியிலேயே அடுத்த லாடமாற்றம் வரை மாட்டி வையுங்கள். வரும் லாட நாளிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லாயத்தின் குதிரைப் பராமரிப்பாளர்கள்